மும்பையிலிருந்து பெண்கள் ரக்பி: நாட்டுக்காக ஆடும் இடம் வரை என்னென்ன வேண்டும்?

#1 சயான்_சாந்தி

வணக்கம். அக்கா மகளுக்கு 17 வயது. பள்ளி அணியில் கபடி, கூடவே 400 மீட்டர் ஓட்டம். ரக்பிக்கு வரச் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறார்கள், அவளுக்கும் ஆசை. 2025 உலகக் கோப்பை இறுதிப் போட்டியில் இங்கிலாந்து கனடாவை 33-13 என்று ஜெயித்ததையும், லண்டனின் ட்விக்கன்ஹாம் மைதானத்தில் 81,885 பேர் கூடியதையும் பார்த்ததிலிருந்து வீட்டில் இதே பேச்சுதான். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். கபடியிலிருந்து வருவது சாதகமா? அணிக்கு ஏழு பேர் ஆடும் செவன்ஸா, பதினைந்து பேர் ஆட்டமா? இதை நம்பி எத்தனை வருடம் போகலாம், வருமானம் உண்டா? அவள் அம்மா பயப்படுவது தலைக்கும் முழங்காலுக்கும்தான்.

#2 கோலிவாடா_குமார்

சாந்தி அக்கா, முதலில் கபடி. நல்ல அடித்தளம்தான், ஆனால் அதில் மூன்று பழக்கத்தை மாற்றியே ஆக வேண்டும்.

முதலாவது டேஷ். கபடியில் ரெய்டரைத் தோளால் இடித்து வெளியே தள்ளினால் புள்ளி. ரக்பியில் கையைச் சுற்றிப் பிடிக்காமல் தோளால் இடித்தால் பெனால்டி. தலையில் பட்டுவிட்டால் சிவப்பு அட்டை வரை போகும். கபடி டிஃபெண்டர்கள் முதல் சில மாதங்களில் நடுவரிடம் மாட்டுவது பெரும்பாலும் இதில்தான்.

இரண்டாவது, பிடித்ததை விடாமல் இருப்பது. கபடியில் ரெய்டர் கோட்டைத் தொடவிடாமல் கடைசிவரை தொங்க வேண்டும். ரக்பியில் பந்து வைத்திருப்பவள் தரையில் விழுந்த நொடியே பிடித்தவள் கையை எடுத்துவிட்டு உருண்டு விலக வேண்டும். எழுந்து நின்ற பிறகுதான் பந்தில் கை வைக்கலாம். கைகளுக்குப் பல வருடமாக ‘விடாதே’ என்று பழக்கியிருக்கிறோம், அதனால் மாறுவதற்கு நாளாகும். பயிற்சியில் ஒவ்வொரு டாக்கிளுக்குப் (பந்தோடு ஓடிவருபவளைப் பிடித்து வீழ்த்துவது) பிறகும் ‘விடு, உருள், எழு’ என்று வாய்விட்டுச் சொல்லிப் பழகுவது நல்லது.

மூன்றாவதுதான் ஆபத்தானது, தலை இருக்கும் இடம். கணுக்கால் பிடிக்குப் பாயும்போது கபடியில் தலை கால்களுக்கு முன்னால் போய்விடும். ஓடிவருபவளின் முழங்கால் நேராக நெற்றிப்பொட்டில் மோதும். ரக்பியில் வலது தோளால் பிடித்தால் அவளது இடுப்புக்குப் பின்னால், பிட்டத்தை ஒட்டி நம் கன்னம் இருக்க வேண்டும். கண் திறந்திருக்கணும், முகவாய் நிமிர்ந்திருக்கணும். முன்பாதம் அவள் பாதத்துக்குப் பக்கத்தில் ஊன்றியிருக்கணும். பாதம் தொலைவில் இருந்தால் கை மட்டும்தான் எட்டும், உடம்பு நீண்டுவிடும், தலை தானாகத் தவறான பக்கம் போகும். ஆகவே ‘தலையை மாற்று’ என்று கத்துவதைவிட ‘காலைக் கிட்டே கொண்டு போ’ என்று சொல்வதுதான் வேலைக்கு ஆகும்.

வரிசையும் முக்கியம். முதலில் இருவரும் மண்டியிட்டபடி, பிறகு பிடிப்பவள் மட்டும் மண்டியிட்டு, பிறகு நடந்து, பிறகு பாதி வேகம். முழு வேக டாக்கிளுக்கு நான்கு வாரமாவது ஆகட்டும். முதல் நாளே நேருக்கு நேர் மோதவிடும் பயிற்சியாளர் என்றால் வேறு இடம் பாருங்கள்.

கபடி தரும் லாபங்களும் சின்னவை இல்லை. தாழ்ந்து நிற்பது, பக்கவாட்டு நகர்வு, செயின் போட்டு இருவர் சேர்ந்து மடக்கும் உணர்வு, இதெல்லாம் தடுப்பாட்டத்தில் அப்படியே உதவும்.

#3 செம்பூர்_பாஸ்கர்

செவன்ஸா பதினைந்தா என்பதற்கு என் பதில்: இந்தியாவில் இருக்கும் பெண்ணுக்குச் செவன்ஸ்தான் வாசல். ஒலிம்பிக்ஸில் 2016 முதல் அதுதான். ஆசிய விளையாட்டு, தேசிய விளையாட்டு எல்லாமே செவன்ஸ். இந்தியப் பெண்கள் பதினைந்து பேர் அணி முதல் சர்வதேசப் போட்டியை ஆடியதே 2018-ல், சிங்கப்பூரில். முதல் வெற்றி 2019 ஜூனில் பிலிப்பைன்ஸில், சிங்கப்பூருக்கு எதிராக 21-19. வஹ்பிஸ் பருச்சா தலைமையில், ஒடிசாவின் சுமித்ரா நாயக் கடைசி நேரத்தில் அடித்த பெனால்டி கிக்தான் ஆட்டத்தை முடித்தது. பதினைந்து பேர் அணிக்குக் கிடைக்கும் போட்டிகளே குறைவு. 400 மீட்டர் ஓடும் பெண்ணுக்கு ஏழு நிமிடப் பாதிகள் இரண்டு கொண்ட ஆட்டம் இயல்பாகப் பொருந்தும்.

#4 தில்லி_கவின்

பாஸ்கர் அண்ணா, வாசல் அதுதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதிலேயே நின்றுவிடுவதுதான் நம் ஊர்ப் பிரச்சினை. ஸ்க்ரம் என்பது இரு அணியும் குனிந்து கோத்து நின்று பந்துக்காகத் தள்ளுவது; செவன்ஸில் அதற்குப் பக்கத்துக்கு மூன்று பேர், பதினைந்தில் எட்டு பேர். கன்வெர்ஷன் (எதிரணிக் கோட்டுக்கு அப்பால் பந்தை ஊன்றிய பிறகு கூடுதல் புள்ளிக்கு உதைப்பது) செவன்ஸில் டிராப் கிக், அதாவது பந்தைத் தரையில் விட்டு எழும்பும்போது உதைப்பது; பதினைந்தில் டீ எனும் சின்னத் தாங்கியில் வைத்து உதைக்கலாம். செவன்ஸில் புள்ளி எடுத்த அணியே மறுபடி உதைத்துத் தொடங்கும், பதினைந்தில் புள்ளி விட்ட அணி தொடங்கும். இவையெல்லாம் சட்டப் புத்தகத்தில் ஒரு வரிதான், ஆனால் பயிற்சியில் வருடக்கணக்கு.

செவன்ஸ் மட்டும் ஆடி வந்தவர்களைப் பதினைந்தில் இறக்கினால் முதலில் உடைவது முன்வரிசை. ஸ்க்ரமின் முன்வரிசையில் நிற்கும் இரண்டு ப்ராப், ஒரு ஹூக்கர், இந்த மூவருக்கும் முறையான ஸ்க்ரம் பயிற்சி இல்லையென்றால் நடுவர் தள்ளுமுள்ளு இல்லாத ஸ்க்ரம்தான் நடத்துவார், அணியின் பலமே போய்விடும். அடுத்தது லைன்அவுட் (வெளியே போன பந்தை இரு அணி வரிசைகளுக்கு நடுவே எறிவது), அதற்கடுத்தது மோல் (பந்து வைத்திருப்பவளைச் சுற்றி நின்றபடி கூட்டமாகத் தள்ளுவது). இந்த மூன்றிலும் இந்தியாவில் தேர்ச்சி பெற்ற பெண்கள் மிகக் குறைவு. ஒரு பெண் இப்போதே லைன்அவுட் எறியக் கற்றுக்கொண்டால் அவளுக்குப் போட்டியே கிடையாது.

இரண்டையும் சேர்த்துச் செய்தவர்கள்தான் நீண்ட நாள் நின்றிருக்கிறார்கள். எமிலி ஸ்காரட் 2016 ரியோவில் பிரிட்டன் செவன்ஸ் அணித் தலைவி. அதே ஆள் பதினைந்தில் 119 போட்டி, 754 புள்ளி, ஐந்து உலகக் கோப்பை. நியூசிலாந்தின் போர்ஷியா வுட்மன் நெட்பாலிலிருந்து வந்தவர். டோக்கியோவிலும் பாரிஸிலும் செவன்ஸ் தங்கம், 2017-லும் 2022-ல் நடந்த கோப்பையிலும் பதினைந்து பேர் அணியில் உலகச் சாம்பியன். வேறு விளையாட்டிலிருந்து வருவது தடையில்லை என்பதற்கு அவரைவிடப் பெரிய சாட்சி வேண்டாம்.

#5 செம்பூர்_பாஸ்கர்

கவின் தம்பி சொல்வது சரி. ஆனால் மும்பையில் 17 வயதுப் பெண்ணுக்கு எட்டுக்கு எட்டு ஸ்க்ரம் பயிற்சி எத்தனை நாள் கிடைக்கும்? ஆள் சேர்ந்தால்தானே. அதனால் இப்படிப் பிரிக்கலாம்: போட்டிகள் செவன்ஸ், தனிப் பயிற்சி பதினைந்துக்கு. சுவரில் சாக்பீஸால் குறி போட்டு லைன்அவுட் எறிதல், டீயில் வைத்து உதைத்தல், உயரப் பந்து பிடித்தல். இதற்கு ஒரு பந்தும் ஒரு துணையும் போதும். பந்து 5-ஆம் எண் அளவு வாங்குங்கள். விலை குறைவென்று கடையில் தரும் வழவழப்பான பந்து மழையில் கையில் நிற்காது.

#6 ஃபிசியோ_மீனா

அவள் அம்மாவின் பயத்துக்கு வருகிறேன்.

முழங்கால். அதற்குள் இருக்கும் ஏசிஎல் என்ற தசைநார் கிழிவது பெண்களுக்கு ஆண்களைவிட அதிகம். பெரும்பாலும் யாரும் மோதாமலே நடக்கும். முழு வேகத்தில் வந்து ஒற்றைக் காலில் திசை மாற்றும்போது, அல்லது குதித்து இறங்கும்போது, முழங்கால் உள்பக்கமாகச் சாயும். அறுவை சிகிச்சை செய்தால் திரும்ப 9 முதல் 12 மாதம். இதைத் தடுக்கும் பயிற்சிகள் சிக்கலானவை அல்ல. கண்ணாடி முன் ஒற்றைக் கால் ஸ்குவாட், முழங்கால் பாதத்தின் இரண்டாவது விரலுக்கு நேராக இருக்கிறதா என்று பார்த்தபடி. ஒருவர் கணுக்காலைப் பிடிக்க முன்னால் மெதுவாகச் சாயும் நார்டிக் பயிற்சி, தொடையின் பின்தசைக்கு. சின்ன உயரத்திலிருந்து குதித்துச் சத்தமில்லாமல் இறங்குதல். உலக ரக்பி அமைப்பான வேர்ல்ட் ரக்பியின் ஆக்டிவேட் என்ற வார்ம்அப் திட்டம் இணையத்தில் இலவசம், வயதுக்கு ஏற்ப உண்டு. வாரம் மூன்று முறை செய்தால்தான் பலன். போட்டி நாளில் மட்டும் செய்வது வீண்.

கிழிந்தால் வாழ்க்கை முடிந்தது என்றும் நினைக்க வேண்டாம். கனடாவின் சோஃபி டி கோட் 2024-ல் ஏசிஎல் கிழிந்து, 2025 உலகக் கோப்பைக்குள் திரும்பி, அந்த ஆண்டின் உலகச் சிறந்த வீராங்கனை விருதும் வாங்கினார்.

கழுத்து. பெண்களுக்குக் கழுத்துத் தசை பலம் குறைவாக இருப்பதால் விழும்போது தலை பின்னால் சொடுக்கித் தரையில் மோதுகிறது. கையை நெற்றியில், பின்தலையில், இரண்டு பக்கமும் வைத்துத் தலை அசையாமல் எதிர்த்துத் தள்ளுவது, ஒவ்வொரு திசையிலும் 10 நொடி, மூன்று முறை. ரயிலுக்குக் காத்திருக்கும் நேரத்தில்கூடச் செய்யலாம். இதோடு முகவாயை மார்பில் ஒட்டி விழும் பழக்கமும் வேண்டும்.

இன்னொன்று, இதைத்தான் நம் வீடுகளில் கவனிப்பதே இல்லை: சாப்பாடு. 60 கிலோ எடையுள்ள பெண் இந்தப் பயிற்சி செய்தால் புரதம் நாளைக்கு 95 கிராமுக்குக் குறையக்கூடாது. நாலு இட்லியும் சாம்பாரும் சேர்ந்தாலே பத்துப் பன்னிரண்டு கிராம்தான். முட்டை ஒன்றுக்கு 6, பன்னீர் 100 கிராமுக்கு 18, ஒரு கப் கொண்டைக்கடலைச் சுண்டல் 14. கணக்குப் போட்டு ஒவ்வொரு வேளைக்கும் பிரித்து வையுங்கள். மாதவிடாய் மூன்று மாதம் வரவில்லையென்றால் ‘பயிற்சியால் அப்படித்தான்’ என்று விடக்கூடாது. உடம்புக்கு வரவைவிடச் செலவு அதிகம் என்பதன் அடையாளம் அது, அடுத்து வருவது எலும்பில் கீறல். ரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபினோடு ஃபெரிட்டினும் (உடம்பின் இரும்புச்சத்துச் சேமிப்பு அளவு) கேளுங்கள். ஹீமோகுளோபின் சரியாக இருந்தும் ஃபெரிட்டின் 30-க்குக் கீழே போன பெண்கள் இரண்டாம் பாதியில் கால் கனக்கிறது என்பார்கள். இரும்புச்சத்து மாத்திரைக்கு ஒரு மணி நேரம் முன்னும் பின்னும் டீ, காபி வேண்டாம்.

#7 சயான்_சாந்தி

மீனா அக்கா, மிக்க நன்றி. தலையில் அடிபட்டால் என்ன செய்வது என்றும் சொல்லுங்கள். டிவியில் வெளியே போய்ச் சில நிமிடத்தில் திரும்பி வருகிறார்களே?

#8 நடுவர்_ராஜா

நான் சொல்கிறேன். டிவியில் பார்ப்பது எச்ஐஏ, அதாவது தலைக்காயச் சோதனை. 12 நிமிடம் ஒதுக்கி, பயிற்சி பெற்ற மருத்துவர், வீடியோ, பழைய அளவீடுகள் எல்லாம் வைத்துச் சோதிக்கிறார்கள். 2024 தொடக்கத்திலிருந்து உயர்மட்ட ஆட்டத்தில் மோதலின் வேகத்தை அளக்கும் சென்சார் பதித்த மவுத்கார்டும் அதில் சேர்ந்தது. பாஸ் ஆனவர் திரும்புவார். அத்தோடு முடியாது, ஆட்டம் முடிந்த பின்னும், அடுத்த இரண்டு நாளுக்குள்ளும் மறுபடி சோதனை உண்டு.

கிளப் ஆட்டத்தில் இந்த வசதி கிடையாது. எனவே விதி ஒன்றுதான்: சந்தேகம் வந்தால் வெளியே, அன்று திரும்ப வரக்கூடாது. மயக்கம் போட்டால்தான் மூளை அதிர்வு என்பது தவறு. எழும்போது தடுமாற்றம், வெற்றுப் பார்வை, ஸ்கோர் தெரியாமை, எந்தப் பக்கம் ஆடுகிறோம் என்ற குழப்பம், காரணமில்லாத அழுகை, இதில் எது இருந்தாலும் போதும். பிறகு போட்டிக்குக் குறைந்தது 21 நாள். அன்றிரவு தனியாக விடக்கூடாது. வாந்தி தொடர்ந்தாலோ தலைவலி கூடிக்கொண்டே போனாலோ உடனே மருத்துவமனை. தவறு நடப்பது பெரும்பாலும் மூன்றாம் நாளில். தலைவலி போய்விட்டது, நாளை மறுநாள் அணித் தேர்வு என்று பெண் மறைப்பாள். வீட்டில் இருப்பவர்களுக்குத்தான் அது தெரியும்.

#9 மாதுங்கா_லதா

வருமானம், வருடம் பற்றி யாரும் எழுதவில்லையே. என் கருத்து கொஞ்சம் கடினமானது. முழுநேரச் சம்பளம் என்பது உலகத்திலேயே புதிது. இங்கிலாந்து பதினைந்து பேர் அணிக்கு 28 முழுநேர ஒப்பந்தம் தந்தது 2019 ஜனவரியில். வேல்ஸ் 2022-ல் 12 பேரோடு ஆரம்பித்தது. 2025-ல் இறுதிவரை வந்த கனடா உலகக் கோப்பைத் தயாரிப்புக்கான பணத்தில் ஒரு பகுதியைப் பொதுமக்களிடம் நன்கொடையாகத் திரட்ட வேண்டியிருந்தது. அங்கேயே இந்த நிலை என்றால், இங்கே ரக்பியை மட்டும் நம்பிப் படிப்பை விடச் சொல்வது அநியாயம்.

2025-ல் அந்தேரியில் நடந்த ரக்பி பிரீமியர் லீக்கை எல்லோரும் கொண்டாடினோம். அந்த ஆண்டு அது ஆண்களுக்கான செவன்ஸ். பெண்களுக்கு அப்படி ஒன்று நிலைபெறும்வரை நிஜமான வழி அரசு வேலை. 2020-ல் மத்திய அரசு விளையாட்டு ஒதுக்கீட்டுக்கான பட்டியலில் ரக்பியையும் சேர்த்தது. மாநில அணிக்காகத் தேசியப் போட்டியில் ஆடியிருந்தாலே குரூப் சி பணிக்கு விண்ணப்பிக்கலாம். பீகார் ‘மெடல் லாவ், நௌக்ரி பாவ்’ என்று பதக்கத்துக்கு நேரடி வேலை கொடுக்கிறது. அங்கிருந்து வீராங்கனைகள் கிளம்பி வருவதில் ஆச்சரியமில்லை. ஆகவே ஒவ்வொரு போட்டியின் சான்றிதழையும் அந்தந்த மாதமே ரக்பி சங்கத்தில் கேட்டு வாங்கி, குறிப்பிட்ட படிவத்தில் கையெழுத்தோடு வைத்துக்கொள்ள வேண்டும். நாலு வருடம் கழித்துப் போய்க் கேட்டால் பொறுப்பில் இருந்தவரே மாறியிருப்பார்.

படிப்பைப் பொறுத்தவரை, வஹ்பிஸ் பருச்சா ஃபிசியோதெரபிஸ்ட். ரக்பியோடு சேர்ந்து ஓடக்கூடிய தொழில் அது. உடற்கல்வி, விளையாட்டு உணவியல் இவையும் அப்படியே.

எத்தனை வருடம் என்றால், சாரா ஹன்டர் 2007-ல் தொடங்கி 2023-ல் 141 போட்டியோடு ஓய்வு பெற்று இங்கிலாந்தின் பயிற்சியாளர் குழுவில் சேர்ந்தார். அது உச்சம். பின்வரிசை ஓட்டக்காரிகளைவிட முன்வரிசை ஆட்டக்காரிகள் முப்பதுகளிலும் நன்றாக ஆடுவதுண்டு, ஸ்க்ரம் அனுபவத்தைக் கேட்கிறது. கல்யாணம், குழந்தை பேச்சு நம் வீடுகளில் 24 வயதிலேயே வந்துவிடும். இங்கிலாந்தில் 2023 முதல் ஒப்பந்த வீராங்கனைக்கு 26 வாரம் முழுச் சம்பள மகப்பேறு விடுப்பு உண்டு. ஸ்க்ரமின் இரண்டாம் வரிசையில் லாக் இடத்தில் ஆடும் அபி வார்ட் அதைப் பயன்படுத்திக் குழந்தை பெற்று மீண்டும் நாட்டுக்காக ஆடினார். இங்கே அப்படிப் பாதுகாப்பு வேண்டுமென்றால் அதுவும் வேலை தரும் அலுவலகத்திலிருந்துதான் வரும். அரசு வேலையை வலியுறுத்துவதற்கு அதுவும் ஒரு காரணம்.

#10 தில்லி_கவின்

லதா அக்கா சொன்ன காகித விஷயத்தில் தமிழர்களுக்கென்றே ஒரு சிக்கல் உண்டு, இனிஷியல். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் ‘எஸ்’ என்று ஒற்றை எழுத்து, ஆதாரில் அப்பா பெயர் முழுசாக, பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் குடும்பப் பெயராக. மூன்றும் மூன்று ஆள் மாதிரி தெரியும். ஆசியப் போட்டிக்குப் பெயர் பதியும்போது பாஸ்போர்ட்டில் உள்ளதுதான் செல்லும். ஆகவே சங்கப் பதிவும் அதே எழுத்துகளில் இருக்கட்டும். 18 ஆகும்போது சிறார் பாஸ்போர்ட் காலாவதியாகக்கூடும், இப்போதே தேதியைப் பாருங்கள். பயண நாளிலிருந்து ஆறு மாதமாவது செல்லுபடி வேண்டும்.

வெளிநாட்டில் உறவினர் பெண்கள் இருந்தால் இதையும் தெரிந்துகொள்ளுங்கள். வேர்ல்ட் ரக்பி விதிப்படி பிறந்த நாடு, பெற்றோர் அல்லது தாத்தா பாட்டி பிறந்த நாடு, இல்லையேல் தொடர்ந்து 60 மாதம் வசித்த நாடு, இதில் எதற்கும் ஆடலாம். ஆனால் இந்திய அரசின் 2008 கொள்கைப்படி இந்திய அணிக்கு இந்தியப் பாஸ்போர்ட் வேண்டும். வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்குத் தரும் ஓசிஐ அட்டை போதாது.

#11 ஃபிசியோ_மீனா

விட்டுப்போன ஒன்று, ஊக்கமருந்து. நம் பெண்கள் மாட்டுவது ஸ்டீராய்டில் மட்டும் இல்லை. பிசிஓஎஸ் (சினைப்பை நீர்க்கட்டி), முகப்பரு, முகத்தில் முடி என்று தோல் மருத்துவரிடம் போனால் ஸ்பைரோனோலாக்டோன் எழுதித் தருவது சகஜம். அது நீர்ப்பெருக்கி வகை, எப்போதும் தடை. கருமுட்டைக்குத் தரும் லெட்ரோசோல், க்ளோமிஃபீன் இரண்டும் தடைதான். மருத்துவருக்கு இது தெரிந்திருக்க வேண்டிய கட்டாயமில்லை, ‘நான் பரிசோதனைக்கு உட்பட்ட வீராங்கனை’ என்று நாம்தான் சொல்ல வேண்டும். மாற்று மருந்தே இல்லையென்றால் சாப்பிடுவதற்கு முன் தேசிய ஊக்கமருந்து தடுப்பு அமைப்பான நாடாவிடம் (NADA) சிகிச்சை விலக்கு கேட்கலாம். மாதவிடாய் தள்ளிப்போட எடுக்கும் மாத்திரைக்குத் தடையில்லை, ஆனால் சோதனைப் படிவத்தில் எழுதிவிட வேண்டும். ஆஸ்துமா இன்ஹேலர் சால்புடமால் 8 மணி நேரத்துக்கு 600 மைக்ரோகிராம் வரை சரி. ஜிம்மில் டப்பாவைப் பிரித்து அளந்து தரும் பவுடரைத் தொடவே வேண்டாம்.

#12 சயான்_சாந்தி

எல்லாம் குறித்துக்கொண்டேன். லதா அக்கா சொன்னதை அவள் அப்பாவிடம் அப்படியே காட்டப் போகிறேன். முதல் மாதத்துக்கு என்ன வாங்க வேண்டும், எந்த அளவு ஓட வேண்டும் என்று மட்டும் சொல்லிவிடுங்கள்.

#13 கோலிவாடா_குமார்

மவுத்கார்டு முதலில். வெந்நீரில் போட்டுக் கடித்துப் பதிக்கும் வகை ஆரம்பத்துக்குப் போதும். அட்டையில் போட்டிருக்கும் நொடிக்கு மேல் நீரில் வைத்தால் இளகி மெலிந்துவிடும். வாயைத் திறந்தாலும் மேல்பல்லில் தானாக நிற்க வேண்டும். நாக்கால் தள்ளினால் விழுகிறது என்றால் மறுபடி பதியுங்கள். பல்லுக்குக் கம்பி போட்டிருந்தால் பல் மருத்துவரிடம்தான் செய்ய வேண்டும்.

பூட்ஸ் கால்பந்துக்கு உள்ளதே சரி. மும்பை மழையில் ஆசாத் மைதானம் போன்ற இடம் சேறாகும்போது குட்டை ஸ்டட் வழுக்கும், இறுகிக் காய்ந்த தரையில் நீள ஸ்டட் காலை ஊன்றிய இடத்திலேயே பூட்டிவிடும், முழங்கால் திருகும். முடிந்தால் இரண்டு ஜோடி. விளம்பரத்தில் வரும் தோள் பட்டை இப்போது வேண்டாம். அதைப் போட்டதும் வருகிற தைரியத்தில் டாக்கிள் முறை கெடும்.

ஓட்டத்துக்கு பிராங்கோ சோதனை. 20 மீட்டர் போய் வா, 40 போய் வா, 60 போய் வா. இது ஒரு சுற்று, 240 மீட்டர். நிற்காமல் ஐந்து சுற்று. 5 நிமிடத்துக்குள் முடித்தால் நல்ல அளவு. 400 மீட்டர் ஓடுகிறவர்கள் முதல் சுற்றில் பறந்து மூன்றாவதில் சாய்ந்துவிடுவார்கள். ஒவ்வொரு சுற்றையும் 60 நொடிக்கு ஒட்டி வைக்கச் சொல்லுங்கள். திரும்பும்போது ஒரே காலில் திரும்பாமல் மாற்றி மாற்றித் திரும்பணும்.

#14 நடுவர்_ராஜா

பூட்ஸ் வாங்கும்போது அடியில் விரலை ஓட்டிப் பாருங்கள். ஸ்டட் 21 மில்லிமீட்டரைத் தாண்டக்கூடாது, பூட்ஸின் கால்விரல் நுனிப் பக்கம் நடுவில் ஒற்றை ஸ்டட் இருந்தால் அனுமதி இல்லை, உலோக ஸ்டட்டில் கூரான பிசிறு இருந்தால் ஆட்டத்துக்கு முன் திருப்பி அனுப்பிவிடுவோம். தலைக்கவசம் போட்டால் 1 சென்டிமீட்டர் தடிமன் வரைதான். அது காதையும் தோலையும் காக்கும், மூளை அதிர்வைத் தடுக்காது. பெண்களுக்கு மார்புப் பட்டையும், ஷார்ட்ஸுக்கு அடியில் உள்பக்கம் ஒற்றைத் தையலுள்ள பருத்தி கலந்த முழுக்கால் டைட்ஸும் சட்டத்திலேயே அனுமதி. வெள்ளை ஷார்ட்ஸ்தான் போட வேண்டும் என்று கிளப்பில் சொன்னால் அடர்நிறம் கேளுங்கள். அயர்லாந்து தேசிய அணியே மாதவிடாய்க் கவலையை முன்னிட்டு 2023-ல் கருநீலத்துக்கு மாறிவிட்டது. கம்மல், மூக்குத்தி, வளையல், கழுத்துச் செயின் எதுவும் ஆகாது, டேப் ஒட்டி மறைப்பதும் செல்லாது. புதிதாக மூக்குக் குத்துகிற எண்ணம் இருந்தால் சீசன் முடிந்த பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.